சிஏ 15-3 ஏறினா மருந்தை மாத்தணுமா?

(நெய்வேலியில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் பதிவான பேச்சு. வாசிப்பதற்கு ஏற்றபடி சுருக்கி, திருத்தியிருக்கிறோம். பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் ஸ்டுடியோவுல இல்லை, நெய்வேலி நகரியத்துல இருந்து பேசறேன். முன்னாடி உட்கார்ந்திருக்கறவங்கள்ல பாதிப்பேர் சிகிச்சையில இருக்கறவங்க. மீதிப்பேர் கூட வந்தவங்க. அம்மாவுக்கு ஃபைல் தூக்கற மகன், அக்காவுக்குத் துணையா வந்த தங்கச்சி, ஷிப்ட் மாத்திக்கிட்டு வந்த வீட்டுக்காரர். நான் புற்றுநோய் மருத்துவர். இந்த ஊர்ல வளர்ந்தவ, அப்பா சுரங்கத்துல வேலை பார்த்தவர். அதனால கொஞ்சம் உரிமையாவே பேசுவேன்.

ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கேன். ராத்திரி பத்து மணிக்கு மேல என் ஃபோனுக்கு வர்ற மெசேஜ்ல பாதி இதுதான்: "டாக்டர், அம்மாவுக்கு சிஏ 15-3 ஏறியிருக்கு. மருந்து கேட்கலையா? மாத்திடலாமா?"

இது ஏன் பெரிய கேள்வின்னு முதல்ல சொல்லிடறேன். மார்பகப் புற்றுநோய் எலும்பு, கல்லீரல், நுரையீரல்னு பரவிட்டா அதை முற்றிய நிலை, நாலாவது ஸ்டேஜ்னு சொல்றோம். பெரும்பாலும் அதை முழுசா எடுத்துட முடியாது. ஆனா அடக்கி வைக்கலாம், நிறைய பேருக்கு வருஷக்கணக்குல. ஒரு மருந்து கேட்கிற வரைக்கும் அதுலயே இருப்போம். கேட்கறது நின்னா அடுத்ததுக்குப் போவோம். அந்த வரிசை முடிவே இல்லாத வரிசை இல்லை. எண்ணிப் பார்க்கக்கூடிய மருந்துகள்தான் கையில இருக்கு. நல்லா வேலை செஞ்சுக்கிட்டிருக்கற ஒரு மருந்தை பயத்துல விட்டுட்டா, அதோட மிச்ச மாசங்களைத் தூக்கிப் போட்டதாத்தான் அர்த்தம். அதே சமயம் கேட்காத மருந்தை இழுத்துக்கிட்டே போனா பக்கவிளைவும் வரும், நோயும் வளரும். இந்த ரெண்டுக்கும் நடுவுல சரியான நேரத்துல முடிவெடுக்கணும். ரத்தப் பரிசோதனை அதுக்கு எவ்வளவு உதவும் என்பதுதான் விஷயம்.

மார்பகத்தோட செல்கள் மேல ஒரு மியூசின் புரதம் இருக்கு. புற்றுநோய் செல்கள்ல அது அதிகமா இருக்கும், அதுல ஒரு பகுதி உதிர்ந்து ரத்தத்துல கலக்கும். அதை அளக்கறதுதான் சிஏ 15-3. பல லேப்ல 30 யூனிட்டைச் சுத்தி எல்லைக்கோடு போட்டிருப்பாங்க. சிஇஏ-ன்னு இன்னொண்ணு, அது மார்பகத்துக்கு மட்டுமே உரியது இல்லை, புகை பிடிக்கறவங்களுக்குக்கூடக் கூடுதலா இருக்கும். இதையெல்லாம் ட்யூமர் மார்க்கர்னு சொல்றோம். செலவு இடத்துக்கு இடம் மாறும், ஆனா எட்டாத விலை இல்லை. அதனாலதான் எல்லார் ஃபைல்லயும் இருக்கு.

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வர்றேன். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழ தண்ணி அழுத்தத்தோட நிக்குது. இரவு பகலா அதை இறைச்சு அழுத்தத்தைக் குறைச்சாத்தான் சுரங்கம் ஓடும். கீழ என்ன நடக்குதுன்னு கண்ணால பார்க்க முடியாது, கிணத்துல மட்டத்தை அளந்துதான் தெரிஞ்சுக்கறாங்க. ஒருநாள் ஒரு கிணத்துல மட்டம் கொஞ்சம் ஏறினா சுரங்கத்தை மூடிடுவாங்களா? மறுபடி அளப்பாங்க, பக்கத்துக் கிணத்தைப் பார்ப்பாங்க, பம்பு சரியா ஓடுதான்னு பார்ப்பாங்க. மார்க்கரும் அப்படித்தான். ஒத்தை எண்ணுக்கு மதிப்பு கம்மி. மூணு நாலு அளவு சேர்ந்து எந்தப் பக்கம் போகுது என்பதுதான் செய்தி.

ஒரு அம்மா கதை. அடையாளத்தை மாத்தியிருக்கேன், எண்ணும் புரியறதுக்காகச் சொல்றதுதான். எலும்புலயும் கல்லீரல்லயும் பரவினது. புது மருந்து ஆரம்பிக்கறப்ப சிஏ 15-3 64. மூணு வாரம் கழிச்சு 92. ரிப்போர்ட் மக ஃபோனுக்கு வந்துச்சு, கூடவே சிவப்பு எழுத்துல "அதிகம்"னு. அந்தப் பொண்ணு ராத்திரி முழுக்கத் தூங்கலை. காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டா. ஆனா அம்மாவைப் பார்த்தா? முதுகுவலி குறைஞ்சிருக்கு, ரெண்டு இட்லி சாப்பிட்டவங்க நாலு சாப்பிடறாங்க, வாசல் வரைக்கும் நடக்கறாங்க. மருந்தை மாத்தலை. மூணாவது மாசம் அளவு 38. ஸ்கேன்ல கல்லீரல்ல இருந்த கட்டி சுருங்கியிருந்துச்சு.

இது அதிசயம் இல்லை. ஒரு மருந்து ஆரம்பிச்ச முதல் நாலு முதல் ஆறு வாரம், மருந்து கேட்கறப்பவே மார்க்கர் ஏறலாம். சாகற செல்கள் தங்களோட சரக்கை ரத்தத்துல கொட்டிட்டுப் போகுது. இதை ஃப்ளேர்னு சொல்வோம். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தோட வழிகாட்டியும் இந்த ஆரம்ப வார ஏற்றத்தை ஜாக்கிரதையா படிக்கணும்னு சொல்லுது. அதனால புது மருந்து தொடங்கின மறுமாசமே மார்க்கர் எடுத்துப் பார்த்து மனசு உடைஞ்சு போகாதீங்க. கேட்டா, அந்த நேரத்துல எடுக்காமலே இருக்கறது நல்லதுன்னுதான் நான் சொல்வேன்.

எலும்புக்கும் இதே கதை உண்டு. ஆல்கலைன் பாஸ்படேஸ்னு ஒரு டெஸ்ட் கல்லீரல் ரிப்போர்ட்லயே வரும். எலும்பு ஆறத் தொடங்கினா அது கொஞ்ச நாள் ஏறும். எலும்பு ஸ்கேன்கூட ஆறுற இடத்தைப் பளிச்சுனு காட்டி, "புதுசா வந்திருக்கு"ன்னு பயமுறுத்தும்.

நோய்க்கு சம்பந்தமே இல்லாம மார்க்கர் ஏறவும் வழி இருக்கு. கல்லீரல் கோளாறு ஒண்ணு. வைட்டமின் பி12 குறைபாடு இன்னொண்ணு, அதுவும் அதால வர்ற ரத்தசோகை. வருஷக்கணக்கா சைவம் சாப்பிடறவங்க, வயித்து ஆபரேஷன் ஆனவங்க, சர்க்கரைக்கு மெட்பார்மின் நீண்டநாள் எடுக்கறவங்க, இவங்களுக்கு பி12 குறையறது நம்ம பக்கத்துல சாதாரணம். வள்ளலார் ஊர் பக்கத்துல இருக்கோம், சைவக் குடும்பங்களும் கணிசம். மார்க்கர் ஏறியிருக்கு, ஸ்கேன்ல ஒண்ணும் காணோம், முகம் வெளிறி இருக்குன்னா பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்க.

தப்பா குறைஞ்சு காட்டறதும் உண்டு, அது இன்னும் ஆபத்து. கீமோவுல முடி கொட்டினதும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கன்னு பயோட்டின் மாத்திரை வாங்கி சாப்பிடறாங்க. சில மெஷின்கள் பரிசோதனைக்கே பயோட்டினைப் பயன்படுத்துது. ரத்தத்துல அது அதிகமா இருந்தா கணக்கு குழம்பிடும், சில டெஸ்ட்ல அளவு பொய்யா குறையும், சிலதுல பொய்யா கூடும். 2017-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பத்தி எச்சரிக்கையே வெளியிட்டுச்சு. முடிக்கு என்ன மாத்திரை சாப்பிட்டாலும் ரத்தம் எடுக்கறவங்ககிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க.

அப்புறம் லேப். போன மாசம் கடலூர்ல, இந்த மாசம் நகரியத்துல, அடுத்த மாசம் மகன் வீட்டுக்குப் போனப்ப சென்னையிலன்னு எடுத்தா, மூணும் மூணு கம்பெனி மெஷினா இருக்கும். ஒரே ரத்தத்தை ரெண்டு மெஷின்ல வச்சா ரெண்டு எண் வரலாம். அதை வச்சு கோடு போட்டா அந்தக் கோடே பொய். ஒரு லேப்னு முடிவு பண்ணி அங்கேயே எடுங்க. மாத்தியே ஆகணும்னா புது லேப்ல எடுக்கறதைப் புதுக் கணக்கா ஆரம்பிங்க.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியறதில்லை. எல்லாருக்கும் இந்த மார்க்கர் ஏறாது. 2013-ல கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள 30 பெண்களோட ரத்தத்தை வெவ்வேறு முறையில பார்த்தாங்க. சிஏ 15-3 பார்த்த 27 பேர்ல 21 பேருக்குத்தான் கூடியிருந்துச்சு. ஆறு பேருக்கு நோய் பரவியிருந்தும் எண் நார்மல். அதனால தொடக்கத்துலயே ஒருமுறை எடுத்துப் பார்க்கணும். அப்பவே நார்மல்னா அந்த மார்க்கர் உங்களுக்கு ஊமை. மாசாமாசம் எடுத்து "நார்மல், நார்மல்"னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தா, இடுப்புவலியை யாரும் கவனிக்க மாட்டாங்க. அந்த ஆறு பேர் மாதிரி இருக்கறவங்களுக்காகத்தான் எனக்குக் கவலை.

அப்ப இந்த டெஸ்ட்டே வேண்டாமான்னு கேட்டா, வேணும். குறிப்பா நோய் எலும்புல மட்டும் இருக்கறவங்களுக்கு. எலும்புல இருக்கற நோயை சி.டி. ஸ்கேன்ல ஸ்கேல் வச்சு அளக்கற மாதிரி அளக்க முடியாது. தொடக்கத்துல ஏறியிருந்த மார்க்கர் படிப்படியா இறங்கினா அது நல்ல தெம்பு. தொடர்ந்து ரெண்டு மூணு முறை ஏறுமுகம்னா ஸ்கேனை முன்கூட்டியே எடுக்கச் சொல்வோம். கவனிங்க, ஸ்கேனை முன்னாடி எடுப்போம். மருந்தை மாத்திட மாட்டோம். உடம்பு சொல்றது, ஸ்கேன் காட்டறது, ரத்தம் காட்டறது மூணையும் சேர்த்து வச்சுத்தான் முடிவு.

"ரத்தத்துல முன்கூட்டியே தெரிஞ்சா, முன்கூட்டியே மாத்தறது நல்லதுதானே டாக்டர்?" இது நியாயமான கேள்வி. மருத்துவர்களும் அப்படித்தான் நினைச்சாங்க. சோதிச்சும் பார்த்தாங்க.

புற்றுநோய் செல்லே ரத்தத்துல மிதந்து வரும், அதை எண்ண முடியும். 2004-ல வந்த ஆய்வு, ஏழரை மில்லி ரத்தத்துல அஞ்சு அல்லது அதுக்கு மேல இருந்தா நோய் வேகமா போகுதுன்னு காட்டிச்சு. அடுத்து அமெரிக்காவுல ஸ்வாக் எஸ்0500-ன்னு ஒரு ஆய்வு. முதல் கீமோ ஒரு சுற்று முடிஞ்சும் இந்த செல்கள் குறையாத 123 பெண்களை எடுத்தாங்க. குலுக்கல் மாதிரி பிரிச்சு, ஒரு பாதிக்கு அதே கீமோ, மறுபாதிக்கு உடனே வேற கீமோ. 2014-ல முடிவு வந்துச்சு. அதே மருந்துல இருந்தவங்களோட சராசரி ஆயுள் 10.7 மாசம், மாத்தினவங்களுக்கு 12.5 மாசம். புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. எண் உண்மையைத்தான் சொல்லிச்சு, இவங்களுக்கு நோய் கடுமைன்னு. ஆனா ஒரு கீமோவை விட்டு இன்னொரு கீமோவுக்கு ஓடினதால பலன் கிடைக்கலை. கெட்ட செய்தி முன்னாடியே தெரியறது வேற, அதுக்கு மாற்று வழி கையில இருக்கறது வேற.

அந்த மாற்று வழி கொஞ்சம் திறந்திருக்கறது இன்னொரு டெஸ்ட்ல. புற்றுநோய் செல்களோட டிஎன்ஏ துண்டுகள் ரத்தத்துல சுத்தும். லிக்விட் பயாப்சின்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது இதைத்தான் தேடுது. இதோட சிறப்பு, "ஏறுது, இறங்குது"ன்னு மட்டும் சொல்லாது. நோய் எந்தப் பூட்டை உடைச்சு வெளியே வருதுன்னும் சொல்லும். ஹார்மோன் வகை நோய்க்கு லெட்ரோசோல் மாதிரி மாத்திரை கொடுக்கறோம், ஈஸ்ட்ரோஜன் உடம்புல உற்பத்தியாகாம தடுக்கறதுக்கு. கொஞ்ச காலத்துல சில செல்கள் இஎஸ்ஆர்1 என்கிற ஜீன்ல மாற்றம் பண்ணிக்கிட்டு, ஈஸ்ட்ரோஜனே இல்லாம வளரக் கத்துக்கும்.

பிரான்ஸ்ல படா-1-ன்னு ஒரு ஆய்வு, 2022-ல வெளியாச்சு. இந்த மாத்திரையோட பால்போசிக்ளிப் எடுத்துக்கிட்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அப்பப்ப ரத்தம் எடுத்து இந்த மாற்றத்தைத் தேடினாங்க. ரத்தத்துல மாற்றம் தெரியுது, ஆனா நோய் இன்னும் வளரலை. அந்த நிலையில இருந்த 172 பேரை ரெண்டாப் பிரிச்சாங்க. பழைய மருந்துலயே இருந்தவங்களுக்கு நோய் வளராம இருந்த காலம் 5.7 மாசம். மாத்திரையை விட்டுட்டு ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசிக்கு மாறினவங்களுக்கு 11.9 மாசம். 2025-ல செரினா-6 ஆய்வு காமிசெஸ்ட்ரன்ட் என்கிற புது மாத்திரையை வச்சு இதே வழியில போச்சு. 315 பேர். நோய் வளராத காலம் 9.2 மாசத்துல இருந்து 16 மாசமா கூடிச்சு.

எனக்கு இதுல சந்தோஷமும் உண்டு, தயக்கமும் உண்டு. சந்தோஷம், இங்கே எண்ணுக்குப் பின்னாடி ஒரு காரணம் தெரியுது, காரணத்துக்கு ஏத்த மருந்தும் இருக்கு. படா-1-ல பயன்படுத்தின ரெண்டு மருந்தும் நம்ம நாட்டுல கிடைக்குது. பால்போசிக்ளிப் காப்புரிமை 2023 ஜனவரியில இங்கே முடிஞ்சு, உள்நாட்டுக் கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பிச்சதும் விலை நல்லா இறங்கிடுச்சு. தயக்கம், முன்கூட்டியே மாத்தினதால மொத்த ஆயுள் கூடிச்சான்னு செரினா-6 வெளிவந்தப்ப முடிவு வரலை. டெஸ்ட்டோ சாதாரண மார்க்கரை விடப் பல மடங்கு செலவு. மூணு மாசத்துக்கு ஒருமுறைன்னு எடுத்தா ஒரு குடும்பம் என்ன ஆகும்? அதனால நான் சொல்றது இது: ஹார்மோன் வகை நோய், மாத்திரையில இருக்கறப்ப ஸ்கேன்ல வளர்ந்திருக்குன்னு தெரிஞ்சா, அந்த நேரத்துல ஒருமுறை இஎஸ்ஆர்1 பார்க்க முடியுமான்னு கேளுங்க. அது வழிகாட்டிகளே சொல்ற இடம். மாசாமாசம் லிக்விட் பயாப்சிக்காக நகையை அடகு வைக்காதீங்க.

நடைமுறைக்கு வருவோம். இங்கிருந்து பலபேர் புதுச்சேரி ஜிப்மருக்குப் போறீங்க, சிலபேர் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், சிலபேர் தனியார். விடிகாலையில கிளம்பி வரிசையில நின்னு டாக்டரைப் பார்க்கறது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துல பழைய ரிப்போர்ட்டைத் தேடிக்கிட்டிருந்தா எப்படி? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. ஒரு பக்கத்துல தேதி, எந்த லேப், மார்க்கர் அளவு, அன்னைக்கு எந்த மருந்துல எத்தனாவது சுற்று. எதிர்ப் பக்கத்துல வலி எப்படி, எவ்வளவு நடந்தாங்க, எடை எவ்வளவு, மூச்சு வாங்குதா. என்னைக் கேட்டா அந்த எதிர்ப் பக்கம்தான் எனக்கு முதல்ல வேணும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துடறேன். கீமோவுக்கு முன்னாடி எடுக்கற ரத்த அணு எண்ணிக்கை, கிட்னி, லிவர் டெஸ்ட் எல்லாம் மருந்து கேட்குதான்னு பார்க்க இல்லை. உடம்பு அடுத்த டோஸைத் தாங்குமான்னு பார்க்க. வெள்ளணு குறைஞ்சா நோய் முத்திடுச்சுன்னு அர்த்தம் இல்லை. ஆனா வெள்ளணு குறைஞ்சிருக்கற நாள்ல காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டா, ராத்திரின்னாலும் மாத்திரை போட்டுட்டுப் படுக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. எந்த மார்க்கரை விடவும் இது அவசரம்.

இனி வந்த கேள்விகள். ரெண்டுக்குத்தான் நேரம் இருக்கு.

மந்தாரக்குப்பத்துல இருந்து ஒரு சகோதரி: "எனக்கு ஆரம்ப நிலையில கண்டுபிடிச்சு ஆபரேஷன் ஆகி ஆறு வருஷம். ஒரு தொந்தரவும் இல்லை. மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்ல சிஏ 15-3 சேர்த்திருக்காங்க. எடுக்கலாமா?" வேண்டாம்மா. நான் இவ்வளவு நேரம் பேசினது பரவின நோய்க்கு மருந்து எடுக்கறவங்களைப் பத்தி. உங்களை மாதிரி சிகிச்சை முடிஞ்சு நல்லா இருக்கறவங்களுக்கு மார்க்கர் எடுக்கச் சொல்லி எந்த முக்கிய வழிகாட்டியும் பரிந்துரைக்கலை. கொஞ்சம் ஏறினாலும் அடுத்து பெட் ஸ்கேன், அடுத்து பயம். வருஷத்துக்கு ஒருமுறை மேமோகிராம், டாக்டர்கிட்ட நேர்ல காட்டறது, புதுசா வலியோ கட்டியோ வந்தா உடனே சொல்றது, இது போதும். நோயே வராதவங்களுக்கு இந்த டெஸ்ட்டைப் பேக்கேஜ்ல வச்சு விக்கறது வெறும் வியாபாரம்னுதான் நான் நினைக்கறேன்.

இன்னொருத்தர், மகன்: "அம்மாவுக்கு நோய் பரவினது தெரியாது, நாங்க சொல்லலை. ரிப்போர்ட் எல்லாம் என் ஃபோனுக்குத்தான் வருது. மார்க்கர் ஏறினா முகத்துல தெரிஞ்சுடுது, அம்மா கேட்கறாங்க. என்ன சொல்றது?" தம்பி, இந்தக் கேள்வி கேட்டதுக்கே நன்றி. நம்ம வீடுகள்ல இது சகஜம், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. மருந்து கேட்குதான்னு சொல்ற சாட்சிகள்ல முதல் சாட்சி உங்க அம்மாதான். விஷயம் தெரியாதவங்க "முதுகு வலிக்குது, வயசாச்சுல்ல"ன்னு சொல்லிட்டு விட்டுடுவாங்க. அந்த வலியை நீங்க ஃபோன்ல தேடிக்கிட்டிருக்கீங்க. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கறப்ப அம்மாவையும் உள்ளே கூட்டிட்டுப் போங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்ல வேண்டாம். "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்மா?"ன்னு டாக்டரைக் கேட்கச் சொல்லுங்க. பலநேரம் அவங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிஞ்சிருக்கும், நீங்க வருத்தப்படுவீங்கன்னு கேட்காம இருந்திருப்பாங்க. ரிப்போர்ட் ராத்திரி வந்தா, காலையில பாருங்க. அந்த ராத்திரியே அதை வச்சுச் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை.

மத்த கேள்விகளுக்கு அடுத்த எபிசோடுல பதில் சொல்றேன். நான் பொதுவாத்தான் பேசியிருக்கேன், உங்க சிகிச்சை முடிவை உங்க டாக்டர்கிட்ட பேசி எடுங்க.